ஐஸ் பெட்டியும் இலத்தூர் ஆச்சியும்

எங்கள் வீட்டில் கார் கிடையாது, கார் ஷெட் உண்டு. அதில் எங்கள் சபையின் அவசர உதவிச் சாமான்கள் கிடந்தன. சக்கர நாற்காலி, படுக்கையாகக் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் மெத்தை, நெபுலைசர், திடீரென்று கேஸ் தீர்ந்து தவிக்கிறவர்களுக்கு ஒரு சிலிண்டர். எந்த மதத்துக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது சபையின் தீர்மானம். கொண்டுபோய்க் கொடுப்பது அப்பாவின் தலையெழுத்து. இவற்றோடு மூலையில், கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியும் இருந்தது. இறந்தவர்களைக் கிடத்துகிற பெட்டி. அதன் பக்கத்தில்தான் என் சைக்கிளை நிறுத்த வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவேன், அதனால் சைக்கிள் பாதி நாள் கீழேதான் கிடக்கும்.

பெட்டி கேட்டு போன் வந்தால் யாருக்கு என்று கேட்கக் கூடாது. இது அப்பா வைத்திருந்த விதி. அழுதுகொண்டிருப்பவர்களை அதை வேறு ஏன் சொல்ல வைக்க வேண்டும் என்பார். எந்தத் தெரு, வீட்டில் மூன்று பின் பிளக் உண்டா, அவ்வளவுதான் விசாரணை. ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை மதியம், இலத்தூரிலிருந்து ஒரு பெண்குரல் இரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. என்னைத் தனியாக விட முடியாமல், அப்பாவும் சித்தப்பாவும் குட்டியானை வண்டியில் நடுவே இடுக்கிக்கொண்டு போனார்கள். சாலை முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களின் கார்கள். அவர்களுக்கு நடுவே எங்கள் பெட்டி தடதடவென்று ஆடிக்கொண்டு போனது.

அந்த வீட்டு வாசலில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, நாலு ஜோடி செருப்புகூட இல்லை. சாரல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. வீடு மாறி வந்துவிட்டோம் என்று சித்தப்பா முணுமுணுக்கும்போதே கதவு திறந்தது. தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் ஆச்சி நின்றார். உள்ளே வேறு ஆளரவமே இல்லை. பெட்டியைக் கூடத்தில் இறக்கிய பிறகு அப்பா தன் விதியை மீறினார்.

"யாருக்கு ஆச்சி?"

"எனக்குத்தான்."

ஆச்சியின் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பட்டது, பித்தவெடிப்புகூடத் தெரிந்தது. ஆனாலும் சித்தப்பாவின் சட்டையை நான் விடவில்லை.

ஆச்சிக்கு ஒரே மகன், பட்டாளத்தில், வடக்கே பனிமலை எல்லையில் இருந்தார். தகப்பனார் செத்தபோது அவர் வந்து சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்கவில்லையே என்ற துக்கம் அவருக்கு ஆறவே இல்லை. இப்போது ஆச்சிக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எம் மொகத்தையாவது அவன் பாக்கணும்லா தம்பி. இந்தச் சாரல்ல கண்ணாடி வழியாத் தெரியுமோ, மங்கிருமோ. ஒரு வாட்டி படுத்துப் பாத்துக்கிடுதேன்."

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஆச்சி அதற்குள் பிளக்கைச் சொருகிவிட்டார். பெட்டி உறுமத் தொடங்கியது. குளிர் ஏறியதும், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடிப்பவரைப் போலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே ஏறிப் படுத்தார். மூடச் சொல்லிக் கை காட்டினார். அப்பா முழுக்க மூட மனமில்லாமல் விளிம்பில் விரலைக் கொடுத்துப் பிடித்திருந்தார்.

கண்ணாடிக்குக் கீழே ஆச்சியின் கண்கள் என்னையே பார்த்தன. மூச்சு படப்பட, முகம் மறையத் தொடங்கியது. முதலில் வாய், பிறகு மூக்கு, கடைசியில் கண்கள். வெறும் வெள்ளைத் திட்டுதான் மிச்சம். ஆச்சி எங்கே போனார் என்ற பயத்தில் ஓடிப்போய்ப் பாவாடையால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு விரல் டொக் டொக்கென்று தட்டியது.

"தெரியுதா ஏட்டி?"

"தெரியல ஆச்சி!" என்று கத்தி அழுதுவிட்டேன்.

வெளியே வந்த ஆச்சியின் முகம் வாடிப்போயிருந்தது. அப்போ அவன் வந்தும் பிரயோசனம் இல்லை என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு மங்காது ஆச்சி. நான் பொறுப்பு."

சித்தப்பா வண்டியைப் பார்ப்பவர் போல வாசலுக்குப் போய்விட்டார். பெட்டியில் ஏதோ கோளாறு, அதை அப்பா சரிசெய்யப் போகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் இலத்தூரிலிருந்து போன் வந்தது. இந்த முறை வேறு குரல். பெட்டி போனது, பட்டாளத்து மகனும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார். பெட்டியைத் திரும்ப எடுக்க அப்பா கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். நாங்கள் போனபோது ஆச்சியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. கண்ணாடி துளிகூட மங்கவில்லை. நெற்றியின் மூன்று திருநீற்றுக் கோடுகளையும் எண்ணலாம் போலிருந்தது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மகனின் கையை இழுத்தேன்.

"மாமா, முன்னால இது மங்கிப் போவும். நீங்க பாக்கணும்னு ஆச்சி உள்ள படுத்துப் பாத்தாங்க, மொகமே தெரியல. இப்ப எங்கப்பா ரிப்பேர் பண்ணிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவ்வளவு பெரிய ஆள் தரையில் சரிந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அப்பா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னதற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று, வழியெல்லாம் நான் அப்பாவிடம் கோபமாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.