ரயிலடிக்கு வந்த ஸ்டாண்டு

திருவள்ளூரில் டாக்சி ஓட்டிய ராஜமாணிக்கம் சாதுவான மனுஷன். அறுபத்தெட்டில் வந்த அதிகாரி ஒருவர், ரயிலடியில் வண்டி நின்றால் பர்மிட்டைப் பிடுங்குவேன் என்று மிரட்டி, அரை மைல் தள்ளி, கோர்ட்டுக்குப் பின்னால் டாக்சி ஸ்டாண்டு போட்டார். அங்கே ஏற ஆள் ஏது? அமாவாசைக்கு வந்த வயசானவர்கள் வெயிலில் பெருமாள் கோயிலுக்கு நடந்தார்கள். ராஜமாணிக்கம் வீட்டில் பாதி நாள் அடுப்பே எரியவில்லை.

தை அமாவாசையன்று அந்த அதிகாரியே மாமியாரோடு ரயிலைவிட்டு இறங்கி, போர்ட்டரை ஸ்டாண்டுக்கு அனுப்பினார்.

"ஐயா வண்டிய இட்டாரச் சொன்னாருப்பா."

"அங்க வந்தா பர்மிட்டு பூடும் நைனா. ஐயாவ இங்க வரச் சொல்லு," என்றார் ராஜமாணிக்கம்.

மருமகனைத் திட்டிக்கொண்டே மாமியார் நடந்து வந்தார். மறுநாளே ஸ்டாண்டு ரயிலடிக்கு மாறியது. பொதுமக்கள் நலன் கருதியாம்! பெருமாளே, அந்த மனுஷனுக்கு மாமியார் ஒருத்திதான் பொதுமக்கள்.