பிரேக் டிரம்மில் தடவிய எண்ணெய்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். அம்மா இருக்கும்வரை முடியவில்லை. இன்று துருப்பிடித்த பூட்டில் பேரன் மண்ணெண்ணெய் ஊற்றியதும், அந்த வாடையில் அறுபதுகளின் தென்காசி வீட்டு முற்றம் எழுந்துவிட்டது. சாரல் விழ விழ, அப்பா தன் லாரிக்கு வாங்கிய பழைய பிரேக் டிரம்மை மண்ணெண்ணெயில் பிசுக்குப் போகக் கழுவித் தர, அம்மா புளியும் செங்கல்பொடியும் வைத்துத் துருவைத் தேய்க்கும் அந்தக் கரகர சத்தம்.

"ஏட்டி, குத்துவிளக்கு கணக்கால்லா மின்னுது! பொட்டு வச்சிராத" என்று சிரித்துவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

"சாரல்ல திரும்பவும் துரு ஏறிருமேட்டி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, விளக்குக்குச் செய்வதுபோல உள்பக்கமெல்லாம் தேங்காயெண்ணெய் தடவினாள் அம்மா. அந்த மினுமினுப்பைச் சாரல் ஈரம் என்று நினைத்தாரோ என்னவோ, குளித்து வந்த அப்பா துடைக்காமல் அப்படியே லாரிச் சக்கரத்தில் மாட்டிவிட்டார்.

மறுநாள் செங்கோட்டை மலைப்பாதை இறக்கத்தில் லாரி உருண்டு அப்பா இறந்துபோனார். "குடிச்சிருப்பாரு" என்றது ஊர். டிரம்மின் உள்பக்கத்தில்தான் பிரேக் கட்டை உரசும், அங்கே எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று வெகுகாலம் கழித்து ஒரு மெக்கானிக் சொல்லித்தான் அறிந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

குற்றாலநாதர் அறிய, அப்பா குடித்தவரல்ல. இதைப் பிறரிடம் சொல்கிறவர்கள் எதையும் மாற்றாமல் சொல்லுங்கள். அம்மா ஆசையாகத்தான் தடவினாள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.