செல் போடுவதும் சார்ஜ் ஏற்றுவதும்

சம்பந்தியம்மாள் நாகர்கோவிலிலிருந்து வந்துவிட்டால் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. வலியசாலையில் மகளோடு இருக்கிறேன். மருமகப்பிள்ளை டிவியில் கார் பந்தய விளையாட்டு வாங்கி வைத்திருக்கிறார். அவரும் மகளும் ஆபீஸுக்குப் போனபின் அது எங்கள் இருவருக்கும்தான்.

வயர் இல்லாத கன்ட்ரோலர் இரண்டு உண்டு. என்னுடையது பழையது, பின்மூடியைத் திறந்து இரண்டு பென்சில் செல் போட வேண்டும். எனக்குப் படிப்பு மூன்றாம் கிளாஸ்தான், ஆனால் செல் போட கூட்டல் குறியும் கழித்தல் குறியும் தெரிந்தால் போதும். சம்பந்தியுடையது புதியது. பேட்டரி உள்ளேயே இருக்கிறது, சார்ஜ் ஏற்ற வேண்டும்.

“இன்னும் செல்லு போட்டுக்கிட்டா இருக்கிய? என்னுதுக்குக் கடைக்கே போவ வேண்டாம்,” என்பார்.

“என்னுது செத்தா ஒரு நிமிஷத்துல எழுந்துக்கும் சம்பந்தி. உங்களுத செவுத்தோட கட்டிப் போடணும்,” என்பேன்.

போன முறை அவர் ஊர் திரும்ப வேண்டிய நாள். மாலை ரயிலை விட்டால் மறுநாள்தான். பந்தயம் மூன்றுக்கு மூன்றில் நின்றது. ஏழாவதை ஓட்டாமல் அவரை அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது. கடைசிப் பந்தயம் என்பதால் இருபது சுற்று வைத்தோம். அந்த நேரம் பார்த்து என் செல் தீர்ந்தது.

கடைக்கு இறங்க நேரமில்லை. ஹால் கடிகாரத்திலும் பூஜை அறைக் கடிகாரத்திலும் மருமகப்பிள்ளை புதுச் செல் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஸ்டூலில் ஏறி இரண்டிலிருந்தும் செல்லைக் கழற்றிக்கொண்டு, என் பழைய செல்களைக் கடிகாரங்களுக்குப் போட்டேன். எங்கள் வீட்டு வழக்கம்தான். கன்ட்ரோலருக்கு ஆகாத செல்லில் கடிகாரம் மாதக்கணக்காக ஓடும்.

எட்டாவது சுற்றில் ஹால் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஐந்தாக இன்னும் கால் மணி இருந்தது. பன்னிரண்டாவது சுற்றிலும் அதே கால் மணி. விநாடி முள் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணை டிவிக்கே திருப்பிக்கொண்டேன்.

கடைசி வளைவில் அவர் வண்டி நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. என் வண்டி கோட்டைத் தாண்டியது.

“ஜெயிச்சாச்சு, கேட்டோ!” என்று இந்த ஊர் மலையாளம் கலந்து கத்தினேன்.

“எது ஜெயம்? என் பேட்டரி போச்சு. ஆளில்லாத வண்டியைத் தாண்டுனதெல்லாம் ஒரு ஜெயமா?”

விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தோம். ஆபீஸ் முடிந்து மகள் உள்ளே வந்து, “அத்தே, இன்னும் கிளம்பலியா? மணி ஆறு. ரயில் போயாச்சே!” என்றாள்.

மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள் நான். ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பிறகு சொன்னேன்: “முள்ளு நின்னதை நான் பார்த்தேன் சம்பந்தி. சொல்லல.”

“நானும்தான் பாத்தேன்,” என்றார். “மூணுக்கு மூணுல விட்டுட்டு எங்க போவ?”

தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, நாளைக்கு வருவதாக ஒரே வரியில் சொன்னார். கன்ட்ரோலரை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டினார். சின்ன விளக்கு மினுக்கத் தொடங்கியது.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மூணு மணிநேரம். என்ன அவசரம்?”

என் கையில் புதுச் செல் போட்ட கன்ட்ரோலர். எதிரில் ஓட்ட ஆள் இல்லை. அவர் சாவகாசமாகக் காப்பி ஆற்றிக் குடித்தார். நான் ஃபிரிட்ஜுக்கும் சோபாவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.