அனுப்பியாச்சு என்றது போன்

பழைய இரும்பை நொறுக்கும் பட்டறையில் மேஸ்திரிக்குச் சம்மட்டி என்றுதான் பெயர். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால் கையில் கிடைத்ததை வீசுவார். கிரேன் டிரைவரின் முன்பல் போனது அப்படித்தான். அவர் 'நிறுத்து' என்று கத்தினால், மெஷின்காரன் 'நிறுத்திட்டேன்' என்று திருப்பிக் கத்த வேண்டும். அதுவரை யாரையும் மெஷின் பக்கம் அண்டவிடமாட்டார்.

பிறகு ஆபீஸ்காரர்கள் எல்லாவற்றையும் போனுக்கு மாற்றினார்கள். பட்டனை அழுத்தினால் கட்டளை எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மெஷினைச் சேரும். மெஷின் பதிலுக்கு ஒன்றும் சொல்லாது. 'அனுப்பியாச்சு' என்று போன் மட்டும் காட்டும்.

"கெணத்துல போட்ட கல்லுகூட தொபுக்குன்னு ஒரு சத்தம் குடுக்கும் மாப்ள" என்றார் சம்மட்டி. அங்கேயே வேலை பார்த்த மருமகன் சிரித்தான்.

சம்மட்டியின் மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று மருமகனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து மெஷின் வாயில் ஒரு லாரி அச்சு சிக்கிக்கொண்டது. போனில் 'நிறுத்து' பட்டனை அழுத்தினான். 'அனுப்பியாச்சு' வந்தது. இரும்புப் பற்களும் அசையாமல் நின்றன. உள்ளே இறங்கிவிட்டான். அச்சு சிக்கியதால் நின்ற பற்கள் அவை. கட்டளை இன்னும் வரிசையில்தான் நின்றது.

மோட்டாரின் உறுமல் சம்மட்டிக்கு உள்ளங்காலில் தெரிந்தது. பாய்ந்துபோய் மருமகனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். அச்சு முறிந்தது. சுழன்ற பற்கள் இடது பூட்ஸைக் கவ்வின. எலும்பு நொறுங்குவது வெளியே கேட்டது. வலி பொறுக்காமல் மருமகன் அவர் தோளைச் சதையோடு கடித்தான். முடி கையோடு வந்தது, காலரைப் பிடித்தார். பூட்ஸை மெஷின் தின்றது. பாதி பாதத்தோடு மருமகன் அவர்மேல் வந்து விழுந்தான்.

அதற்குப் பிறகு, சாவகாசமாக, மெஷின் நின்றது.

ஓடி வந்த கம்ப்யூட்டர்காரர், கட்டளை சரியாகத்தான் போயிருக்கிறது என்று போனைக் காட்டினார். சம்மட்டி அவர் கழுத்தைப் பிடித்து, மெஷினின் ரத்தம் வழிந்த பற்களுக்கு நேராக முகத்தை அழுத்தினார்.

"போச்சுன்னு சொல்லாத. சேந்துச்சான்னு சொல்லு."

நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

மருமகன் பிழைத்தான். அவனைச் சேர்த்த அதே ஆஸ்பத்திரியின் மாடியில் பேத்தியைச் சம்மட்டியின் கையில் கொடுத்தார்கள். "அம்மாடி" என்று கூப்பிட்டார். பதிலே இல்லை. மறுபடி கூப்பிட்டார். கண்ணைத் திறக்காமலே காலை உதைத்தாள். கடிபட்ட தோளில் சரியாக விழுந்தது.

"சேந்துடுச்சு" என்றார் சம்மட்டி. வலியில் கண்ணில் நீர் முட்டியது. வாய் காதுவரை போனது.