இரண்டு பேருக்கு மட்டுமான சொல்

மிக்கலை நான் முதலில் பார்த்தபோது முதுகைத்தான் பார்த்தேன். பிப்ரவரி மாதத்துப் பகல். உறைந்த ஆற்றின்மேல், பனிமான் வரிசைக்கு முன்னால், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு குள்ளமான மனிதர் நடந்துகொண்டிருந்தார். பின்னால் வண்டிகளில் படுத்திருந்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் அவருக்கு மூட்டைகள் மாதிரிதான்.

நார்வேயின் வடக்குக் கோடியில், ஃபின்மார்க் பகுதியில், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸாக நான் சேர்ந்திருந்த முதல் குளிர்காலம் அது. திருச்சுழிப் பக்கம் பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பி.எஸ்சி. நர்சிங். நார்வேக்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே தேர்வெழுதித் தேறி வாங்கிய வேலை. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் காட்டைப் பார்க்காமல் இருப்பானேன் என்று, விடுமுறை நாளில் பகல் சவாரிக்குப் பெயர் கொடுத்திருந்தேன்.

ஆளுக்கொரு மரச் சறுக்குவண்டி. ஒவ்வொரு மானின் கயிறும் முன்வண்டியின் பின்பக்கத்தில் கட்டியிருக்கும். முன்னால் மிக்கல். கடைசி வண்டியில் சமையல் சாமான்களோடு அவர் மனைவி ரவ்னா. மிக்கலின் தம்பி பியேரா பனிஸ்கூட்டரில் மேலும் கீழும் ஓடி, விழுந்தவர்களைப் பொறுக்கி ஏற்றுவார். ஒரு திருப்பத்தில் நான் உருண்டேன்.

"என்ன தம்பி, படுத்துட்டீங்க? தலகாணி வேணுமா?" என்றார் பியேரா. "கூச்சப்படாதீங்க, போன வாரம் ஒரு போலீஸ் அதிகாரியே இதே எடத்துலதான் படுத்தாரு. மானுக்கு இந்த எடம் ராசி."

ஏரியின் அக்கரையில் பிர்ச் மரங்களுக்கு நடுவே கூம்புக் கூடாரம். உள்ளே நெருப்பு, மான்கறி சூப், கரிபிடித்த கெட்டிலில் காபி. ரவ்னா மடியிலிருந்த உப்புக்கண்டத்தைச் சீவிச் சீவி ஒவ்வொரு கோப்பையிலும் போட்டுக் கொடுத்தார். என்னிடம் பேர் கேட்டார். முத்துராசு என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி காபி ஊற்றி, மறுபடி கறி சீவிப் போட்டு, மறுபடி பேர் கேட்டார். மூன்றாவது முறை அவர் கெட்டிலைத் தூக்கியபோது, மிக்கல் எழுந்து அதை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ரவ்னா திரும்பத் திரும்பக் கேட்டதை மற்ற விருந்தினர்கள் உபசாரமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது மிக்கலுக்கும் விளங்கிவிட்டது.

திரும்பி வந்து மான்களை அவிழ்க்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரி ஆளா நீ?"

"ஆமாங்க. நர்ஸ்."

"பாத்தது உன்னோட இருக்கட்டும். சவாரிய நிறுத்தச் சொல்லிருவாங்க. நிறுத்துனா அவளுக்கு மிச்சம் இருக்கறதும் போயிரும்."

அப்படித்தான் பழக்கமானோம். மிக்கல் வீட்டார் 'சாமி' என்னும் வடக்கத்திப் பழங்குடி. அவர்கள் பேச்சில் அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மாவின் அக்காவுக்கும் தங்கைக்கும் வேறு வேறு சொல். நார்வேக்காரர்கள் இதை மனப்பாடம் செய்யத் திணறுவார்கள். எனக்கு அது வீட்டுச் சங்கதி. மிக்கல் பெரியப்பா ஆனார், பியேரா சித்தப்பா ஆனார். அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தே அந்த மொழியையும் கற்றுக்கொண்டேன்.

அந்த மொழியில் எனக்குப் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவருக்கு 'முன்', அதாவது நான். பலருக்கு 'மீ'. இரண்டுக்கும் நடுவில், இரண்டே இரண்டு பேருக்கு மட்டும், 'மொஆய்'. முதலில் கேட்டபோது யாரோ என் மோவாயைச் சொல்கிறார்கள் என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மிக்கல் வாயில் அதைத் தவிர வேறு வராது. மொஆய் எழுந்தோம், மொஆய் காபி குடித்தோம். பல்வலியைக்கூட அவர் மொஆய் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். விருந்தினர்களிடம் நார்வே மொழியில் பேசும்போது அது வெறும் 'நாங்கள்' ஆகிவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் பியேரா விடமாட்டார்.

"கலியாணத்தன்னைக்கு எங்கண்ணன் 'நான்'ங்கிறத சர்ச் வாசல்ல கழட்டிப் போட்டுட்டு உள்ள போனான். திரும்ப வர்றப்ப நாய் தூக்கிட்டுப் போயிருச்சு."

"உனக்குத்தான் யாரும் வரல. நீ 'நான்' 'நான்'னு கத்திக்கிட்டே கெட," என்பார் ரவ்னா. அப்போது அவருக்கு வாய் நன்றாகவே இருந்தது.

ஒரு குளிர்காலத்தில் சவாரியின் நடுவே ரவ்னா வண்டியிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடந்துவிட்டார். கால்தடத்தைப் பிடித்துப் போய் பியேராதான் கண்டுபிடித்தார். விரல்களில் பனிக்கடி. அதற்குப் பிறகு மிக்கலால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ரவ்னா எங்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்.

மறதி நோய், பின்னால் கற்றதை முதலில் கொண்டுபோகும். பள்ளிக்கூடத்தில் மிரட்டிச் சொல்லிக்கொடுத்த நார்வே மொழி ரவ்னாவிடமிருந்து ஒரு வருடத்தில் உதிர்ந்துபோனது. சாமி மொழி மட்டும் நின்றது. அது தெரிந்த ஊழியர் அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் அவரை என் பொறுப்பில் விட்டார்கள். மிக்கல் தினமும் சவாரி முடித்து, உடம்பில் புகைவாடையோடு வந்து உட்காருவார். முதலில் ரவ்னா அவரை நெடுநேரம் உற்றுப் பார்த்துப் பேர் சொல்வார். பிறகு சிரிக்க மட்டும் செய்தார். பிறகு ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அந்தப் பெரியவரு யாரு? பாவம், தெனம் வர்றாரு. அவுங்க வீட்ல யாரும் இல்லையா?" என்றார்.

மிக்கலுக்கும் கேட்டுவிட்டது. அன்று தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார்.

"முத்து, அவ என் பேர மறந்தது பரவால்ல. என் மூஞ்சி, அது ஒரு மூஞ்சியே இல்ல. ஆனா மொஆய்னு அவ சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாச்சு. அந்தச் சொல்லுக்குள்ள ரெண்டு பேரும் இருக்கணும். ஒரே ஒரு தடவை. அப்பறம் எல்லாத்தயும் மறக்கட்டும்."

"இங்க உக்காந்திருந்தா அது வராது பெரியப்பா."

"அதத்தான் சொல்றேன். அந்தச் சவாரி வழில கூட்டிட்டுப் போறேன். வண்டில உக்காரவெச்சு ஏரியத் தாண்டுனா வரும். இந்தக் குளிர்காலத்த விட்டா அடுத்ததுக்கு அவ நெஞ்சு தாங்காது."

டாக்டர் தயங்கினார். சளி பிடித்தால் திரும்பாது என்றார். கூடவே நான் போவதாகவும், காற்றில்லாத நாளாகப் பார்ப்பதாகவும் எழுதிக்கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டார்.

மார்ச்சில், வெயில் தெளிந்த ஒரு நாளில் கிளம்பினோம். விருந்தினர் யாரும் கிடையாது. மிக்கல் ரவ்னாவுக்குத் தோலங்கி போட்டு, முனை வளைந்த மான்தோல் பூட்ஸுக்குள் குளிர் ஏறாமல் இருக்கக் காய்ந்த புல்லைத் திணித்தார். ரவ்னா அவர் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.

"புல்ல இப்படியா அடைப்பாங்க? யாரு கத்துக்குடுத்தா ஒங்களுக்கு?"

எல்லாவற்றையும் வெளியே உருவி, உதறி, விரல்களில் சுற்றி, வளையமாக்கி அவரே உள்ளே வைத்துக்கொண்டார். பனிக்கடியில் நுனி போன விரல்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மிக்கல் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"அடிய வாங்கிட்டு என்னண்ணே சிரிப்பு?" என்றார் பியேரா.

"முப்பது வருசமா இதே அடிதான்."

ரவ்னாவின் வண்டியை இந்த முறை மிக்கல் தன் கைக்குப் பக்கத்திலேயே, முதல் கடாமானுக்குப் பின்னால் கட்டியிருந்தார். ஆறு, பிறகு சரிவு, பிறகு ஏரி. வழிநெடுக ரவ்னா உற்சாகமாக இருந்தார். மானின் கழுத்துக்கயிறு இறுகியிருப்பதை அவர்தான் சொன்னார். ஒரு பாறையைத் தாண்டும்போது வண்டி சாயும் பக்கம் முன்கூட்டியே உடம்பைச் சாய்த்தார். ஒவ்வொன்றுக்கும் மிக்கல் திரும்பி என்னைப் பார்ப்பார். பார்த்தியா, வருது பார், என்பதுபோல. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. நர்சிங் படித்தவன் நம்பக்கூடாததை அன்று நான் நம்பினேன்.

கூடாரத்தில் நெருப்பு மூட்டினோம். ரவ்னா கத்தியை வாங்கி உப்புக்கண்டம் சீவினார். நான்கு கோப்பைகளிலும் போட்டார். எல்லோரும் ஒரு வாய் குடித்தோம். ரவ்னா நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மிக்கலைப் பார்த்துச் சொன்னார்:

"இதே எடத்துல மொஆய் காபி போட்டோம்."

மிக்கல் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார். நம் தமிழில் இருவருக்கென்று தனிச்சொல் இல்லை. ஆனால் 'நாம' என்றும் 'நாங்க' என்றும் பிரித்து வைத்திருக்கிறோம், எதிரே இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்பது சொல் முடிவதற்குள் தெரிந்துவிடும். மொஆயில் அது தெரியாது. இரண்டு பேர் என்பது மட்டும் தெரியும். எந்த இரண்டு பேர் என்பது அடுத்த வார்த்தையில்தான் வரும்.

"ஆமா," என்றார் மிக்கல். முன்னால் சாய்ந்தார். "போட்டோம் ரவ்னா. மொஆய் போட்டோம். அன்னைக்கு விறகெல்லாம் ஈரம்."

"ஈரம்தான்! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" ரவ்னா ஆச்சரியப்பட்டார். "மிக்கல் ஊதி ஊதி மூஞ்சியெல்லாம் கரி. கலியாணம் ஆன புதுசு. நல்ல மனுசன், வாய்தான் பேசாது. ஒங்கள மாதிரி சவாரி வேலதான் பாக்குது. நீங்க எங்க மிக்கல பாத்திருக்கீங்களா ஐயா?"

பியேரா எழுந்து வெளியே போய்விட்டார். மிக்கல் கோப்பையைக் கீழே வைத்தார். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அவர் என் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாத்திருக்கேன்," என்றார்.

"எங்க?"

"இந்தப் பக்கத்துலதான்."

"மான் தேடப் போயிருக்கு. வர்ற நேரம்." ரவ்னாவுக்குச் சட்டென்று பதற்றம் வந்துவிட்டது. கத்தியை உறையில் போட்டு எழப் பார்த்தார். "நான் வீட்ல இல்லன்னா அது தேடும். சாப்பிடாமக்கூட தேடும். என்னயக் கொண்டுபோய் விட்டுருங்க ஐயா. நேரமாச்சு."

"விடறேன்மா."

"கோவிச்சுக்கலயே?"

"எதுக்குக் கோவம்? வந்தவங்கள வீடு சேக்கறதுதானே வேல."

தோலங்கியை மறுபடி போட்டுவிட்டார். குல்லாயைக் காது மறையும்வரை இழுத்துவிட்டார். ரவ்னா, முன்பின் தெரியாத ஒருவர் உதவும்போது நிற்பதுபோல, மரியாதையாக அசையாமல் நின்றார்.

வெளியே மான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார் பியேரா. முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்போதும்போல் கேட்டார். "என்னண்ணே, எப்படிப் போறது? ஸ்கூட்டர் முன்னால போகட்டுமா?"

"வேணாம். நான் முன்னால போறேன்," என்றார் மிக்கல்.

மொஆய் இல்லை, 'நான்' என்னும் அந்த 'முன்' என்றார். நான் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டது அதுதான் முதல் தடவை. பியேராவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முடிச்சில் இருந்த கை அப்படியே நின்றது. எத்தனையோ வருடம் கேலி செய்த விஷயம். குனிந்து முடிச்சை இறுக்கினார்.

திரும்பும் வழியில் வெயில் இறங்கி ஏரி நீலமாகிவிட்டது. ரவ்னா வண்டியில் எக்கி எக்கிக் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார், யாராவது எதிரே வருகிறார்களா என்று. மிக்கல் அவருக்கு மூன்றடி முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

இல்லத்து வாசலில், சவாரி முடிந்து விருந்தினர்கள் செய்வதுபோல, ரவ்னா கையுறையைக் கழற்றி அவருக்குக் கை கொடுத்தார்.

"நன்றிங்க ஐயா. மான நல்லா நடத்துனீங்க. எங்க மிக்கலக் கண்டா நான் வந்து சேந்துட்டேன்னு சொல்லிருங்க."

"சொல்றேன்மா," என்றார் மிக்கல்.

டாக்டர் பயந்ததுபோல் அன்று சளி ஒன்றும் பிடிக்கவில்லை. அதன் பிறகும் மிக்கல் தினமும் வந்தார். சவாரிக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ரவ்னா அவரிடம் மிக்கலைப் பற்றிப் பேசுவார். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில கதைகளை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்று என்னிடம் சொன்னார். அவர் மான்களோடு மலையில் இருந்த நாட்களில் ரவ்னா தனியாக எப்படி இருந்தார் என்பதெல்லாம் இந்த ஐயாவிடம்தான் முதல்முதலாகச் சொல்லப்பட்டது.

ரவ்னா அடுத்த அக்டோபரில் நிமோனியாவில் இறந்தார். சர்ச்சுக்குப் பின்னால் புதைத்தோம். சவாரிகளை இப்போது பியேரா நடத்துகிறார், ஆள் வைத்திருக்கிறார். மிக்கல் போவதில்லை. ஆற்றங்கரை வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்காலில் அறுவை செய்திருக்கிறது, கோலூன்றித்தான் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருகிறேன்.