ஒரு நிமிட வெறும் அறை

உங்கள் தகப்பனைச் சாகடித்தவன், தன் குரலைத் தெளிவாகப் பதிவு செய்து தரும்படி உங்களையே கூப்பிட்டால் போவீர்களா? அல்லது ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வீர்களா? நிரோஷா போனாள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மடிக்கணினியை மடியிலும் ஒலிவாங்கியைக் கைப்பையிலும் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். ஆண்டவன் பார்த்துக்கொண்ட இலட்சணத்தைப் பதினான்கு மாதமாக அவள் பார்த்துவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து ஒரு புடைவைக்கடையில் விற்பனைக்கு நின்றாள். தீபாவளி மலிவு விற்பனையை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியவன் வராத ஒரு நாள், முதலாளி காகிதத்தை இவளிடம் நீட்டினார். வாசித்தாள். வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து குரல்தான் அவளுக்குச் சோறு. கடை விளம்பரம், கலியாண மண்டப அறிவிப்பு, மரண அறிவித்தல் எல்லாம் அவளுடைய கொட்டாஞ்சேனை மாடியறையில், திறந்து வைத்த சேலை அலுமாரியின் முன்னால் பதிவாகின.

பழைய மடிக்கணினி ஒன்றுடன் தொடங்கினாள். அதற்குள்ளேயே இருக்கும் ஒலிவாங்கிக்கு எல்லாம் ஒன்றுதான். பேசுகிற மனிதனும், சுற்றுகிற மின்விசிறியும், சந்தில் போகும் முச்சக்கர வண்டியும் அதற்குச் சரிசமம். ஆறு மாதம் மிச்சம் பிடித்து வெளி ஒலிவாங்கி ஒன்று வாங்கினாள். பிறகு பட்டுப் பட்டுத்தான் படித்தாள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், அதுவும் சற்றுப் பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் 'ப' என்ற எழுத்துக் காற்றாய் வந்து அறையும். கணினியை அதே மேசையில் வைத்தால் அதன் இரைச்சல் மரத்தின் வழியே ஏறிவிடும். தொடங்குமுன் ஒலிவாங்கியை நகத்தால் இரண்டு முறை தட்டித் திரையில் கோடு துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, யாரும் பேசாத வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த நிமிடத்தைக் காட்டித்தான் 'இதுதான் இரைச்சல், இதை நீக்கு' என்று கணினிக்குச் சொல்ல முடியும்.

அவளுடைய தகப்பன் அழகுமுத்து வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் காவலாளி. நீரிழிவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. காவலாளியின் அறையில் குளிர்சாதனப் பெட்டி ஏது? மூன்றாம் மாடிப் பத்மாவதி தன் பெட்டியின் கதவில், பட்டர் கட்டிக்குப் பக்கத்தில், அந்த மருந்துக்கு இடம் கொடுத்தாள். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷி என்பதால்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவரை ஸ்ரீஸ்கந்தராசா ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

கடற்கரைக்கு இறங்கும் குறுகலான ஓர் ஒழுங்கையில், வீட்டு முன்கூடத்தில் இருந்து வாக்குச் சொல்பவர் இந்த ஐயா. திருநீறு கரைத்த தண்ணீரைப் போத்தலில் கொடுத்து, நாற்பத்தெட்டு நாள் வேறு மருந்து தொடக்கூடாது என்றார். பத்தொன்பதாம் நாள் அழகுமுத்து ஆஸ்பத்திரியில் இறந்தார்.

நிரோஷா போய்க் கேட்டாள். "ஊசிய நிறுத்தச் சொன்னீங்களா, இல்லையா?"

ஐயா வெற்றிலைத் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "நான் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. அவருக்கு விசுவாசம் காணாமல் போயிருக்கும்."

பத்மாவதியோ, "எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை" என்றாள். பொலிசில் சாட்சி கேட்டார்கள். சாட்சி இல்லை.

தண்ணீர் வேலை செய்தால் புகழ் ஐயாவுக்கு. செய்யாவிட்டால் குற்றம் செத்தவனுக்கு. இப்படி ஒரு வியாபாரத்தைக் கறிக்கடைக்காரன் செய்தால் சனம் கல்லெறியும். நெற்றியில் மூன்று கோடு போட்டவன் செய்தால் காலில் விழும். நிரோஷா கல்லெறியவில்லை. ஐயாவின் வாயால், ஐயாவின் குரலில், ஒருவராலும் மறுக்க முடியாதபடி அந்த உண்மை வெளியே வர வேண்டும். அதற்காகக் காத்திருந்தாள்.

பதினான்காம் மாதம் தொலைபேசி அடித்தது. ஐயாவின் தங்கை மகன் கஜீவன். மாமனுடைய பிரசங்கங்களை இணையத்தில் போடுபவன்.

"அக்கா, கனடாச் சனம் எங்களோட சண்டை. ஐயா கதைக்கிறது விளங்கேல்லையாம். புடைவைக்கடை விளம்பரத்தில உங்கட சத்தம் என்ன கிளியர்! அது மாதிரி வேணும்."

"வர்றேன் தம்பி" என்றாள்.

ஐயாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அழுதுகொண்டு வந்த ஆயிரம் முகங்களில் ஒன்றை அவர் எதற்கு ஞாபகம் வைக்க? பிரசங்கம் முடிந்ததும் அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "இனி ஒரு நிமிசம் ரூமோட சத்தத்த மட்டும் எடுக்கணும். மைக் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. யாரும் பேசாதீங்க." வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஐயாவுக்கு மௌனம் பழக்கமில்லை. தன் பிரசங்கத்தைத் தவிர வேறு எதையாவது ஒரு கருவி கேட்கும் என்றும் அவர் எண்ணியதில்லை. மாமனும் மருமகனும் கதைத்தார்கள், சிரித்தார்கள். காவலாளியைக் குறிக்கும் 'வோச்சர்' என்ற சொல் கதவைத் தாண்டி வந்து அவள் காதில் விழுந்தது.

பறந்தடித்து வீட்டுக்கு வந்து கேட்டாள். ஒரே இரைச்சல். ஆத்திரத்தில் அன்று ஒலிவாங்கியை நகத்தால் தட்டிப் பார்க்கவில்லை. கம்பி முழுதாகச் செருகப்படாமல், கணினி தன்னுடைய சொந்த ஒலிவாங்கிக்கே போயிருந்தது. அப்படியிருந்தும் விடாமல் பத்மாவதியிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினாள்.

"இது ஐயாவின்ர குரலே இல்லைப் பிள்ளை. தண்ணி மோட்டர் ஓடுற மாதிரிக் கிடக்கு. ஏன் வீணாப் பாவத்தைத் தேடுறாய்?"

அது உண்மையாகவே தண்ணீர் மோட்டர் ஓடுவது போலத்தான் இருந்தது. தொழில்காரிக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும்? பழி வாங்க ஆத்திரம் போதாது என்று அன்று தெரிந்துகொண்டாள்.

கஜீவன் அடுத்த நாளே திட்டினான். "என்னக்கா இது? ஐயா வாளிக்குள்ள தலையை விட்டுக்கொண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு!"

"என் பிழைதான் தம்பி. சும்மாவே திரும்ப எடுத்துத் தர்றேன்."

புதன்கிழமை மறுபடி போனாள். கடற்கரை ரயில் கடந்து போகும்வரை காத்திருந்து சன்னல்களைச் சாத்தினாள். கணினியை எட்டத்தில் ஒரு கதிரையில் வைத்தாள். ஒலிவாங்கியின் கீழே மடித்த துவாய். கம்பியை அழுத்திச் செருகினாள். நகத்தால் இரண்டு தட்டு. கோடு துள்ளியது. இன்னும் இரண்டு தட்டு. மறுபடி துள்ளியது. மின்விசிறியை நிறுத்தினாள்.

"வேர்க்குது பிள்ளை. பேனைப் போடன்."

"தெளிவா வரணும்னா வேர்க்கத்தான் வேணும், ஐயா."

விசுவாசத்தைப் பற்றி இருபத்திரண்டு நிமிடம் பேசினார். பிறகு அவள் அதே வாக்கியங்களை, இம்முறை இன்னும் உரக்கச் சொன்னாள். மைக் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் பேசாதீர்கள். "ஓம் ஓம்" என்றான் கஜீவன். கதவைச் சாத்தினாள்.

வீட்டில் காதொலிப்பானை மாட்டிக் கேட்டபோது, இருவரும் அவளுடைய தோளருகே நின்று கதைப்பது போலிருந்தது.

"மாமா, ஹெந்தளையில இருந்து ஒரு மனிசி போன் எடுத்தவ. ஊசியை நிப்பாட்டி நாலு நாளாம். சத்தி எடுத்து எடுத்து மயக்கமாக் கிடக்காம். என்ன சொல்ல?"

"தண்ணியைக் கூடக் குடிக்கச் சொல்லு."

"பத்மாவதி அன்ரியின்ர பிளாட் வோச்சர் மாதிரி ஏதும்..."

"அவனுக்கும் நான்தான் ஊசியை விடச் சொன்னனான். என்ன நடந்தது? தோட்டத்துச் சனம், ஒருக்கா வந்து அழுதிட்டுப் போயிடும். அதை விடு, என்ர பிரஷர் குளிசை எங்க? நேரமாச்சு."

குளிசை அட்டையின் தகரத்தாள் 'டக்' என்று உடைந்தது. ஒரு மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்கியது. அதுகூடத் தெளிவாகக் கேட்டது.

இரைச்சலை நீக்க எடுத்த நிமிடம் அது. அவள் அதிலிருந்து ஒன்றையும் நீக்கவில்லை. பிரசங்கத்தின் கடைசியில் அப்படியே சேர்த்துக் கஜீவனுக்கு அனுப்பினாள். முதல் அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு அவன் பதில் போட்டான்: "சுப்பர் அக்கா! கண்ணாடி மாதிரி!" வியாழன் காலை அவனே இணையத்தில் ஏற்றினான்.

வியாழன் தோறும் பத்மாவதி தொலைக்காட்சியில் ஐயாவின் புதுப் பிரசங்கத்தைப் போட்டு, விளக்கேற்றி, கடைசி ஆசீர்வாதம் வரை இருந்து கேட்பாள் என்று நிரோஷாவுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். ஆசீர்வாதம் முடிந்தது. பத்மாவதி கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கைகூப்பியபோது அடுத்த நிமிடம் தொடங்கியது. தன் பெயர் வந்த இடத்தில் அவளுடைய கைகள் அந்தரத்தில் நின்றன. குளிசை அட்டை உடைந்தபோது கீழே விழுந்தன.

"இதுவும் தண்ணி மோட்டரா அம்மா?"

பத்மாவதி சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அவர் வந்து மருந்தைக் கேட்டவர், பிள்ளை. பத்தாம் நாள். உடம்பு ஏலாது, ஊசி தாங்கோ எண்டவர். நான் அதை ஏற்கெனவே எறிஞ்சு போட்டன். ஐயா சொன்னபடியால் எறிஞ்சனான்."

இது நிரோஷாவுக்குத் தெரியாத செய்தி. எழுந்து அந்த மனுஷியின் தலைமுடியைப் பிடித்திருப்பாள். பிடிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒலிவாங்கியை எடுத்து, பத்மாவதியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தினாள்.

"திரும்பச் சொல்லுங்க. பேரோட, திகதியோட. அழாம சொல்லுங்க, அழுதா தெளிவா வராது."

கஜீவன் ஒரு மணி நேரத்தில் அந்தப் பதிவை இணையத்திலிருந்து நீக்கிவிட்டான். அதற்குள் அது கனடாவுக்கும் இலண்டனுக்கும் கல்கிசைக்கும் போய்விட்டது. இப்போது ஐயா, அது இயந்திரத்தால் செய்த போலிக் குரல் என்கிறார். அவ்வளவு தெளிவாக மனிதக் குரல் இருக்காதாம்! ஆனால் பத்மாவதி பொலிசுக்குப் போய் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுவிட்டாள். ஐயாவின் கூடம் மூன்று வெள்ளிக்கிழமையாகப் பூட்டிக் கிடக்கிறது. நிரோஷா இரங்கவில்லை. வழக்குத் தொடங்கும் நாளில் முன்வரிசையில் இருப்பதற்கு நல்ல சேலை ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

ஒன்றுதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஹெந்தளைப் பெண்ணின் பெயரைப் பதிவிலும் பிறகும் கஜீவன் சொல்லவில்லை. பொலிசில் சொன்னாள், தேடுகிறோம் என்றார்கள். நிரோஷாவும் இரண்டு நாள் ஹெந்தளையில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். அகப்படவில்லை.

அந்தப் பெண் ஹெந்தளையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் ஒழுங்கையில் இருக்கலாம், உங்கள் சமையலறையிலேயே நிற்கலாம். இதை வைத்துவிட்டு எழுந்து போங்கள். வீட்டில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் இன்று போட்டாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் நல்ல நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நிறுத்தச் சொன்னவன் யார் என்று கேட்டு, அவன் பெயரை உரக்கச் சொல்லுங்கள்.