எல்லாக் கணக்குக்கும் ஒரே அட்டை

செல்லூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமா கோச்சடையில் ஒரு பெண்ணை விரும்பினார். பெண்ணுக்கும் சம்மதம். அவள் அப்பா பள்ளிக்கூட கிளார்க். மாப்பிள்ளை பத்தாவதாவது பாஸ் பண்ணட்டும் என்று சொல்லிவிட்டார். மாமா கணக்கில் கோட்டை விட்டுப் படிப்பை நிறுத்தியவர். தனித்தேர்வு எழுதப்போவதாகச் சொல்லி எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு கேட்டுப் போனவன் பொஸ்தகத்தோட வந்து நிக்கிறான் பாரு" என்று அம்மா சிரித்தாள்.

இருபடிச் சமன்பாட்டுக்கு வரைபடம் போடும் கேள்வி எப்படியும் வரும், அதைப் பிடித்தால் கரையேறலாம் என்பது மாமாவின் கணிப்பு. ஆனால் கையால் இழுத்தால் வளைவு நெளிந்து போனது. ஒருநாள், போட்டுவைத்த வரைபடத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் கத்தினார். "மாப்ள, அம்புட்டும் ஒரே வளைவுதான்டா! எடந்தான் மாறுது."

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அந்த வளைவை நான் வெட்டிக் கொடுத்தேன். வளைவு படுக்கைக் கோட்டை வெட்டும் இரண்டு இடங்களையும் மாமா முதலில் கண்டுபிடிப்பார். இரண்டுக்கும் நட்டநடுவில் செங்குத்தாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் முனை எங்கே வரும் என்று கணக்குப் போட்டு அங்கே அட்டையைப் பொருத்துவார். சமன்பாட்டில் x வர்க்கத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அட்டையைக் கவிழ்ப்பார். பிறகு பென்சிலை ஓட்டுவதுதான் பாக்கி.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவரின் முகம் வெளிறியிருந்தது.

"அட்டை ஒக்காரல மாப்ள. வர்க்கத்துக்கு முன்னால ஒரு ரெண்டப் போட்டுட்டாய்ங்க. வளைவு ஒடுங்கிப் போச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோச்சடை அத்தை கை நழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"ஏன்டா அழுகுற? வெட்டுற எடத்தப் பாத்தேன், நடுவப் பாத்தேன், முனை ரெண்டு கட்டத்துக்கு நடுவுல ஒளிஞ்சிருந்துச்சு. புள்ளி வச்சு கையாலயே இழுத்துட்டேன். கொஞ்சம் கோணதான்."

அந்தக் கோணல் போதுமானதாக இருந்தது. மாமா தேறினார், கல்யாணமும் நடந்தது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. நான் பாடுபட்டு வெட்டிய அட்டை வீணாய்ப் போயிற்றே என்று பந்தியில்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு தாளிலும் தேடித் தேடியே மாமா அந்தக் கணக்கைப் படித்து முடித்துவிட்டார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கும்தான்.